ஸ்டில்லில் இருந்து சினிமாவுக்கு

புகைப்படக்காரன் படம் எடுத்தால் ஒவ்வொரு ஷாட்டும் காலண்டர் மாதிரி இருக்கும் என்று எடிட்டர்கள் கிண்டலடிப்பார்கள். கேட்கக் கொஞ்சம் எரிச்சலாக இருக்கும், ஆனால் அதில் உண்மை இருக்கிறது. நானும் பல வருடம் ஸ்டில் மட்டுமே எடுத்துவிட்டு அப்புறம் ஆவணப்படம் பக்கம் வந்தவன்.

என் முதல் காமிரா, மாமா கொடுத்த பழைய பென்டாக்ஸ் கே1000. வெளிச்சத்தை அளக்கும் லைட் மீட்டர் வேலை செய்யவில்லை. அதில் பேட்டரி மீட்டருக்கு மட்டும்தான். ஷட்டர் முழுக்க மெக்கானிக்கல் என்பதால் படம் எடுக்கத் தடையில்லை. வெளிச்சத்தைக் கண்ணாலேயே கணக்குப் போடப் பழகினேன். நல்ல வெயிலில் லென்ஸின் திறப்பு எஃப்/16, ஃபிலிமின் ஒளி உணர்திறன் ஐஎஸ்ஓ 100 என்றால் ஷட்டர் வேகம் 1/125 வினாடி. லேசாக மேகம் மூடினால் ஒரு ஸ்டாப் திறக்க வேண்டும், அதாவது இரண்டு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விட வேண்டும். ரோலில் 36 பிரேம்தான் என்பதால் கையும் தானாக நிதானப்பட்டது. இன்றைக்கும் மீட்டரைப் பார்ப்பதற்கு முன்னால் மனதுக்குள் ஓர் எண் சொல்லிப் பார்ப்பேன். பெரும்பாலும் சரியாக வரும். அதில் எனக்குப் பெருமை உண்டு, மறைப்பானேன்!

வெளிச்சம் என்று வரும்போது என் ஆதர்சம் சுப்ரத மித்ரா. சினிமா காமிராவை இயக்கிய அனுபவமே இல்லாமல், 21 வயதில் சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி'க்கு ஒளிப்பதிவு செய்ய வந்தவர். 1956-ல் வந்த 'அபராஜிதோ'வில் காசி வீட்டு முற்றத்தை ஸ்டுடியோவுக்குள் செட்டாகப் போட்டார்கள். திறந்த முற்றத்தில் வானத்திலிருந்து இறங்கும் நிழலில்லாத வெளிச்சம் செட்டில் எப்படி வரும்? மித்ரா செட்டுக்கு மேலே வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, கீழேயிருந்து விளக்குகளை அதன்மேல் அடித்து, திரும்பி வரும் வெளிச்சத்தில் எடுத்தார். நான் சின்ன அறையில் பேட்டி எடுக்கும்போது விளக்கை முகத்துக்கு நேரே வைக்காமல் சுவர்ப் பக்கம் திருப்புகிறேன் என்றால், அது அவரிடமிருந்து வந்த பழக்கம்.

ஆனால் வெளிச்சம் தெரிந்தால் மட்டும் சினிமா வந்துவிடாது. ஸ்டில்லில் 1/500 வைத்து அசைவை உறைய வைப்பதுதான் என் வழக்கம். வினாடிக்கு 24 பிரேமில் எடுக்கும்போது ஷட்டர் 1/50-க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். ஒவ்வொரு பிரேமிலும் அசைவு கொஞ்சம் கலங்கியிருந்தால்தான் ஓட்டிப் பார்க்கும்போது நடை நடையாகத் தெரியும். இல்லாவிட்டால் வெட்டி வெட்டி ஓடும். பளிச்சென்ற பிரேம்தான் நல்ல பிரேம் என்று நம்பியிருந்தவனுக்கு இதை ஏற்கவே நாளாயிற்று.

அதைவிடப் பெரிய சிக்கல், பிரேம் வைத்த பிறகு ஓடும் நேரத்தை என்ன செய்வது என்பது. இதில் எனக்கு வழிகாட்டியவை இரண்டு படங்கள். ஒன்று, பிரெஞ்சு இயக்குநர் கிறிஸ் மார்க்கரின் 'லா ஜெத்தே' (1962). கிட்டத்தட்ட முழுக்க ஸ்டில் படங்களாலேயே ஆனது. ஓரிடத்தில் மட்டும் ஒரு பெண் கண் திறப்பது அசையும் படமாக வரும். முதல் தடவை பார்த்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இன்னொன்று ஈரானிய இயக்குநர் அப்பாஸ் கியரோஸ்தமியின் கடைசிப் படமான '24 பிரேம்ஸ்'. தான் எடுத்த புகைப்படங்களை வைத்துக்கொண்டு, அந்தக் கணத்துக்கு முன்னும் பின்னும் என்ன நடந்திருக்கும் என்று கற்பனை செய்கிறார். பனியில் ஒரு விலங்கு வரும், நிற்கும், போகும். அவ்வளவுதான். பொறுமை இல்லாதவர்களுக்குச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

மற்றபடி என் ஆர்வங்கள் பெரிதாக ஒன்றுமில்லை. வேலை செய்யும் கைகளை எடுக்கப் பிடிக்கும். முகம் காமிராவைக் கண்டால் நடிக்கும், கை அவ்வளவாக நடிக்காது. வானொலி நாடகம் கேட்பேன். கதவுச் சத்தத்தை வைத்தே அறை எவ்வளவு பெரியது என்று சொல்லிவிடுவார்கள். அந்தக் கலை ஸ்டில்காரர்களிடம் சுத்தமாகக் கிடையாது. அதனால் அடுத்த படத்துக்கு நல்ல ஒலிப்பதிவாளரை முதலில் பிடிக்கப் போகிறேன். எந்த லென்ஸ் என்பதெல்லாம் அப்புறம்.