ஆயாவின் கலயத்தோடு வடலூருக்கு

எங்கள் வீட்டு அடுப்படியில், அரிசிப் பானைக்குப் பக்கத்தில், வாய் விளிம்பு சற்றே உடைந்த ஒரு மண் கலயம் எப்போதும் இருக்கும். உலைக்கு அளந்தெடுத்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்து அதில் போட்ட பிறகுதான் ஆயா மீதி அரிசியைக் களைவார். காலையில் ஒரு பிடி, இரவில் ஒரு பிடி என்று மாதம் முடிவதற்குள் இரண்டு படிக்குக் குறையாமல் சேர்ந்துவிடும். வண்டு பிடிக்காமலிருக்க நடுநடுவே நிழலில் உலர்த்திய வேப்பிலையைப் போட்டு வைப்பார். மாதப் பூசத்தன்று அந்த அரிசியை ஒரு மஞ்சள் பையில் கொட்டிக்கொண்டு, பண்ருட்டிக்கு வந்து கும்பகோணம் செல்லும் பேருந்தைப் பிடித்து, வடலூரில் இறங்கி, பசித்தவர்களுக்குச் சோறு போடும் தருமசாலையில் கொடுத்துவிட்டு வருவார். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து இந்த வழக்கம் தவறியதில்லை.

84 வயதில், ஐப்பசி மழை விடாமல் பெய்த ஒரு வாரத்தில், ஆயா எங்களை விட்டுப் போனார். கலயத்தில் அரைவாசிக்கு மேல் அரிசி கிடந்தது. கடைசி ஆண்டுகளில் அவரால் பேருந்து ஏற முடியாமல் போன பிறகும் பிடியரிசி எடுப்பது மட்டும் நிற்கவில்லை. கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய நாங்கள்தான் "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்று தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தோம். தைப்பூசத்துக்கு அதை எடுத்துச் செல்லப் போகிறேன் என்று சொன்னபோது, துக்கம் நடந்த வீட்டிலிருந்து ஓராண்டு எந்தக் கோயில் வாசலையும் மிதிக்கக் கூடாது என்று உறவில் பெரியவர் ஒருவர் தடுத்தார். கருமாதியும் திதியும் வேண்டாம் என்று சொன்னவர் வள்ளலார். அவர் இடத்துக்குப் போவதற்கு ஏது தீட்டு என்று நான் கேட்டேன். அப்பா எதுவும் சொல்லவில்லை. அவர் மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு, கலயத்தையே ஒரு துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு விடியற்காலைப் பேருந்தில் புறப்பட்டேன்.

தைப்பூசத்தன்று வடலூருக்குள் பேருந்து நுழைவதில்லை என்பதால் வெகுதூரத்திலேயே இறக்கிவிட்டார்கள். வெள்ளை உடுத்தியவர்களின் கூட்டத்தோடு, "அருட்பெருஞ்ஜோதி, தனிப்பெருங்கருணை" என்ற மகாமந்திரம் முன்னும் பின்னும் ஒலிக்க, நடந்து சென்றேன். முதலில் வழிபாடு நடக்கும் சத்திய ஞான சபைக்குப் போகாமல் தருமசாலைக்குத்தான் போனேன். ஆயா எப்போதும் அப்படித்தான் செய்வார்.

பார்வதிபுரத்து மக்கள் மனமுவந்து கொடுத்த 80 காணி நிலத்தில், 1867-ஆம் ஆண்டு மே 23-ஆம் நாள், வள்ளலார் என்று அழைக்கப்படும் இராமலிங்க அடிகள் இந்தத் தருமசாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு அதன் பிறகு அணைந்ததே இல்லை என்பதால் அதை அணையா அடுப்பு என்கிறார்கள். 1874 ஜனவரி 30 அன்று மேட்டுக்குப்பத்தில் சித்திவளாகத்தின் அறைக்குள் சென்று அடிகள் கதவைச் சாத்திக்கொண்ட பிறகு, இரண்டே ஆண்டில் தாது வருடப் பஞ்சம் தென்னாட்டை வாரிக்கொண்டு போனது. மூட்டியவர் கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்ட நிலையில், அந்தப் பஞ்சத்தினூடே யார் யாரோ விறகு சுமந்து வந்து போட்டு இந்த நெருப்பைக் காத்திருக்கிறார்கள். நீண்டு கிடக்கும் அந்தக் கோட்டை அடுப்பின் முன் நின்று, வெக்கை முகத்தில் அடிக்க, அண்டாக்களின் அடியில் நீளும் தீயைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அந்தப் பெயர் தெரியாதவர்களைத்தான் நினைத்துக்கொண்டேன். கருங்குழியில் அடிகள் தண்ணீர் ஊற்றி விளக்கெரித்த கதையை ஊரே சிலிர்த்துச் சொல்லும்போது, ஆயா மட்டும், "தண்ணியில வௌக்கு எரிஞ்சது பெருசா, பசிச்சவன் வயிறு எரியாம பாத்துக்கிட்டது பெருசா?" என்று கேட்பார்.

அரிசி வாங்கிக்கொள்ளும் இடத்தில் மூட்டை மூட்டையாக இறங்கிக்கொண்டிருந்தது. சிலர் காய்கறிகளையும் பலாப்பழங்களையும் தலைச்சுமையாகக் கொண்டுவந்து வைத்தார்கள். என் கலயத்தைப் பார்த்த ஓர் அம்மா, "இப்பிடிக் குடு தம்பி" என்று வாங்கி ஒரு முறத்தில் கொட்டினார். கொட்டியதும் எனக்கு முகம் சுண்டிவிட்டது. நாங்கள் தள்ளிப் போட்ட மாதங்களெல்லாம் கருவண்டாக ஊர்ந்துகொண்டிருந்தன. அந்த அம்மாவோ ஒன்றும் சொல்லாமல், முறத்தை மெல்ல ஏந்தி, நான்கு முறை புடைத்து, விரலால் வண்டுகளை ஓரத்துக்குத் தள்ளிவிட்டார். "எத்தனை தினுசு அரிசி இருக்கு பாரு" என்றார். அப்போதுதான் நானும் உற்றுப் பார்த்தேன். பருத்த ரேஷன் புழுங்கலரிசி, மெலிந்த பொன்னி, கூடவே யார் வீட்டு விருந்துக்கோ வாங்கிய சீரகச் சம்பா. அன்றன்று எங்கள் வீட்டில் என்ன வெந்ததோ அதிலிருந்துதான் ஆயா ஒரு பிடி எடுத்திருக்கிறார். கையிருப்பு நன்றாக இருந்த நாளும் இல்லாமல் போன நாளும் அந்த முறத்தில் ஒன்றாகக் கிடந்தன.

ரேஷன் அரிசியைக் கண்டதும் 'தானே' புயல் நினைவுக்கு வந்தது. 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரையைக் கடந்த அந்தப் புயலில் எங்கள் பக்கத்து முந்திரித் தோப்புகளும் பலாத் தோப்புகளும் வேரோடு சாய்ந்தன. எங்களுக்கு இருந்த பதினொரு பலா மரங்களில் ஒன்பது விழுந்துவிட்டன. பழம் வெட்டும் நாளில் முதல் பழத்தை விற்க விடாமல், தெருவில் போகிற உப்பு வண்டிக்காரர் முதல் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் வரை கூப்பிட்டுச் சுளை கொடுப்பவர் ஆயா. விழுந்த மரங்களைப் பார்த்து அவர் அழுததாக எனக்கு நினைவில்லை, அப்பாதான் அழுதார். சில நாட்களில் நிவாரண அரிசி வந்தது. அதிலும் உலைக்கு முன் ஆயா ஒரு பிடி எடுப்பதைப் பார்த்து அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நமக்கே ஊரார் குடுக்கிற சோறும்மா இது" என்றார். "அதனாலதான்டா மொதல்ல இதுல எடுக்கணும்" என்று சொல்லிவிட்டு, ஆயா குனிந்து அரிசி களையத் தொடங்கினார். அடுத்து வந்த தைப்பூசத்துக்கு மஞ்சள் பை வழக்கம்போல வடலூர் போயிற்று.

கலயத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது அந்த அம்மா, வெறும் பாத்திரமாகக் கொடுக்கக் கூடாது என்று, முறத்திலிருந்தே ஒரு பிடி அரிசியை உள்ளே போட்டுக் கொடுத்தார்.

சத்திய ஞான சபை தெற்கு நோக்கிய எண்கோணக் கட்டடம். 1872 ஜனவரி 25, தைப்பூசத்தன்று இங்கே முதல் வழிபாடு நடந்தது. "புலை கொலை தவிர்த்தோர் மட்டுமே உள்ளே புகுதல் வேண்டும்" என்ற அறிவிப்பு வாசலில் இருக்கிறது. இத்தனை ஆண்டுகள் வடலூருக்கு வந்தும் ஆயா அந்த வாசலைத் தாண்டியதில்லை என்பதைப் பலர் நம்ப மாட்டார்கள். தாத்தா இறந்த பிறகு ஆயா மீன், கறி எதையும் தொட்டுச் சாப்பிட்டதில்லை. ஆனால் கடலூர் மீன்காரம்மா கூடையோடு வரும் நாட்களில், பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் சங்கரா மீனைச் சாம்பல் போட்டு உரசிக் கழுவிக் குழம்பு வைத்துக் கொடுத்தவர் அவரேதான். "நான் திங்கல, சரி. ஆயிற கை இதுதானே?" என்று தன் கையைத் திருப்பிப் பார்த்துச் சிரிப்பார். யாரும் அவரைத் தடுத்ததில்லை. யாரும் கேட்டிருக்கவும் போவதில்லை. தருமசாலைக்கு அப்படி ஒரு நிபந்தனை கிடையாது. புலால் உண்பவரைப் புறவினத்தார் என்று வகுத்த வள்ளலாரே, அவர்களுக்கும் பசி தீர்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். ஆயா இந்த இரண்டையும் கூட்டிக் கழித்து, தன் இடம் அடுப்பங்கரை என்று தானே முடிவு செய்துகொண்டார். எனக்கு அதில் அன்று கொஞ்சம் வருத்தம் இருந்தது. இன்று அது அவருடைய நேர்மையாகத் தோன்றுகிறது.

தைப்பூசம் அவருக்குப் பிடித்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அன்று பெருவெளியில் நிற்கிற கூட்டத்தில் யார் உண்பவர், யார் உண்ணாதவர் என்று பார்க்க வழியில்லை. சபையில் சுடரை மறைத்திருக்கும் திரைகளில் மாதப் பூசத்தில் ஆறைத்தான் நீக்குவார்கள். தைப்பூசத்தில் மட்டும் கருப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன், வெள்ளை, கலப்பு என்று ஏழு திரைகளும் விலகும். காலை பத்து மணி தரிசனத்துக்கு நானும் அந்தப் பெருவெளியில்தான் நின்றேன். திரைகள் ஒவ்வொன்றாக விலகி, கண்ணாடியில் அந்தச் சுடர் தெரிந்த நொடியில் எனக்கு முன்னால் நூறு கைப்பேசிகள் உயர்ந்து பாதியை மறைத்துவிட்டன. கலயத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு குதிகாலை உயர்த்தியபோது, உயரம் குறைந்த ஆயா எப்படிப் பார்த்திருப்பார் என்ற கேள்வி வந்தது. "தெரிஞ்சுதா ஆயா?" என்று சிறுவயதில் கேட்டதற்கு, "வெளிச்சம் தெரிஞ்சுது கண்ணு" என்றுதான் பதில் சொல்வார்.

பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, மேட்டுக்குப்பத்துக்கு மூன்றாம் நாள் திருவறை தரிசனத்துக்கு இருக்கச் சொன்னவர்களிடம் விடைபெற்றுக்கொண்டு, இருட்டுவதற்குள் வீடு வந்து சேர்ந்தேன். கலயத்தை அரிசிப் பானைக்குப் பக்கத்தில் அதன் பழைய இடத்திலேயே வைத்தேன். திண்ணையிலிருந்து எழுந்து வந்த அப்பா மூடியை எடுத்து உள்ளே பார்த்தார். அடியில் கிடந்த ஒரு பிடி அரிசியை விரலால் கிளறினார்.

"எல பறிச்சுட்டு வரேன், இல்லன்னா மறுபடியும் வண்டு புடிச்சுக்கும்" என்று சொல்லிவிட்டு, டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு கொல்லையிலிருக்கும் வேப்பமரத்துக்குப் போனார்.