டியூஷன் டைரி: வாய்ஸ் மாத்துற வாரம்

ஜூன் 8
பத்தாங்கிளாஸ் பசங்களுக்கு இங்கிலீஷ் கிராமர்ல பேசிவ் வாய்ஸ், அதாவது செயப்பாட்டு வினை, ஆரம்பிச்சேன். மொத்தம் ஏழு பேர், அதுல அஞ்சு பேர் காசிமேடு, மீன்பிடி துறைமுகம் இருக்கிற ஏரியா. வழக்கம்போல 'ஐ ரைட் எ லெட்டர்'னு போர்டுல போட்டு, ஆப்ஜெக்ட தூக்கி முன்னாடி வை, இஸ் ஆர் வாஸ் வேர்ல டென்ஸுக்கு ஏத்தத போடு, வெர்போட தேர்ட் ஃபார்ம், கடைசில பை மீ, அவ்ளோதான்னு சொன்னேன். 'எ லெட்டர் இஸ் ரிட்டன் பை மீ.' எழுதி முடிச்சிட்டு நானே அத பாத்துட்டு நின்னேன். எந்த மனுஷன் இப்பிடி பேசுவான். பின் பெஞ்சுல ஒருத்தன் கேட்டே கேட்டான், "நல்லா தான கீது மிஸ் மொத லைனு, அத்த ஏன் மாத்தணும்?" பதில் வரல. நாளைக்கு சொல்றேன்னு சமாளிச்சேன்.

ஜூன் 9
நைட்டெல்லாம் அவன் கேள்வி தான். காலைல துறைமுகம் பக்கமா போனப்ப, கட்டியிருக்கிற விசைப்படகுங்கள பாத்ததும் உதாரணம் கெடச்சிடுச்சு. 'மெக்கனைஸ்டு போட்ஸ் ஆர் நாட் அலவ்டு டு ஃபிஷ் ஃப்ரம் ஏப்ரல் 15 டு ஜூன் 14.' 61 நாள் தடை. யாருடா தடை போட்டதுன்னேன், கவர்மெண்டுன்னாங்க. அத எழுதணுமா? வேணாம், எல்லாருக்கும் தெரியுமே. அதான்டா, யாரு செஞ்சாங்கறது தெரிஞ்சதா இருந்தாலும் சரி தெரியாததா இருந்தாலும் சரி, நமக்கு தேவையில்லன்னா பை பார்ட்ட வெட்டி போட்டுடலாம். பேச்சு படக பத்தி, கவர்மெண்ட பத்தி இல்ல, அதனால படகு மொதல்ல வருது. ஒருத்தன் மட்டும் "மிஸ் எங்கப்பா ஃபைபர் போட்டு, அவரு போய்க்கினு தான் கீறாரு"ன்னான். ஆமா, அதுக்கு தான் மெக்கனைஸ்டுன்னு போட்டிருக்கேன்னேன்.

அப்புறம் ராயபுரம் ஸ்டேஷன். 'இட் வாஸ் ஓபன்ட் இன் 1856.' பை வேணாம், வருஷம் தான் சேதி. ஆனா ரயில் பெட்டி செய்யற பெரம்பூர் ஐசிஎஃப் ஃபேக்டரி? 'இட் வாஸ் இனாகுரேட்டட் பை நேரு இன் 1955.' இங்க நேருவ வெட்டினா பாதி சேதி போச்சு. நேத்து கேள்வி கேட்டவன் தலையாட்டினான், எனக்கு அது போதும்.

ஜூன் 11
பீயிங், பீன். வருஷா வருஷம் இதுல தான் மாட்டுவாங்க. இந்த தடவ படகு காப்பாத்துச்சு. தடை முடிய மூணு நாள் தான், எல்லா படகுக்கும் பெயிண்ட் அடிச்சிட்டு இருக்காங்க. அடிச்சிட்டே இருக்காங்களா, 'த போட் இஸ் பீயிங் பெயிண்டட்'. அடிச்சி முடிச்சி காஞ்சிடுச்சா, 'த போட் ஹாஸ் பீன் பெயிண்டட்'. கை வெச்சா ஒட்டும்னா பீயிங், ஒட்டாதுன்னா பீன், அப்பிடின்னு ஒரு பொண்ணு சொன்னா பாருங்க, பதினஞ்சு வருஷமா சொல்லிக் குடுக்கறேன் எனக்கு தோணல.

அதே பொண்ணு ஹோம்வொர்க்ல 'ஃபிஷ் வாஸ் கம்'னு எழுதியிருக்கா. வந்துச்சு, போச்சு, தூங்குச்சு இதுக்கெல்லாம் ஆப்ஜெக்ட் கெடையாது, முன்னாடி தூக்கி வைக்க ஒண்ணுமே இல்லாதப்ப எத மாத்துவ?

'க்ளோஸ் த டோர்'ங்கறத 'லெட் த டோர் பி க்ளோஸ்டு'ன்னு மாத்தறதையும் நடத்தினேன், மார்க்குக்காக. உலகத்துல ஒருத்தரும் அப்பிடி கதவ சாத்த சொன்னதில்ல.

ஜூன் 12
தமிழ்ல சொல்லுங்கடான்னேன். 'ஐ வாஸ் ஸ்கோல்டட் பை மிஸ்.' ஒருத்தன் எழுந்து "நான் மிஸ்ஸால் திட்டப்பட்டேன்"னான், கிளாஸே சிரிச்சுது, நியூஸ் வாசிக்கிறான்னு. நாம அப்பிடியா சொல்றோம், மிஸ்கிட்ட திட்டு வாங்கினேன்னு தான சொல்றோம். அடி வாங்கினான். மீன் ஏலம் போச்சு. கதவு பூட்டியிருக்கு. இதுல எதுலயும் 'பட்டது' இல்ல, ஆனா வேலை அதே வேலை தான். தொல்காப்பியத்துல கூட இதுக்கு ஒரு சூத்திரம் இருக்கு, உரைல 'திண்ணை மெழுகிற்று'ன்னு உதாரணம் குடுப்பாங்க. திண்ணை தன்னத்தானே மெழுகிக்குமா என்ன, யாரோ ஒரு அம்மா முட்டி தேய மெழுகியிருக்கும், அது வாக்கியத்துல இல்ல. காலேஜ்ல படிச்சப்ப மனப்பாடம் பண்ணதோட சரி, இன்னிக்கு தான் உறைச்சுது.

ஜூன் 13
ஸ்கூல் லோனுக்கு போட்ட அப்ளிகேஷனுக்கு பதில் வந்துச்சு. 'யுவர் அப்ளிகேஷன் ஹாஸ் பீன் ரிஜெக்டட்.' நேர்ல போய் யாரு சார் ரிஜெக்ட் பண்ணதுன்னு கேட்டா அவரு அந்த கவுண்டர காட்டறாரு, அந்த கவுண்டர் இவர காட்டுது. பை பார்ட்ட வெட்டினா என்ன ஆகும்ங்கறதுக்கு இத விட நல்ல உதாரணம் இல்ல.

கடுப்போட டியூஷனுக்கு வந்தா டியூப்லைட் தரைல தூள் தூளா கெடக்கு. "மிஸ், டியூப்லைட் உடைஞ்சிடுச்சு." உடைஞ்சுதா, உடைச்சீங்களான்னேன். கப்சிப். அப்புறம் ஒருத்தன் மெதுவா, "த டியூப்லைட் வாஸ் ப்ரோக்கன், மிஸ்." பை ஹூம்? "பை ஸம்ஒன்னு வந்தா வெட்டிடலாம்னு நீங்க தான சொன்னீங்க." கிராமர் சுத்தமா இருக்கு, என்னத்த திட்டறது. கண்ணாடிய கூட்டி அள்ளிட்டு குண்டு பல்பு வெளிச்சத்துல நடத்தினேன்.

ஜூன் 14
நடு ராத்திரி படகெல்லாம் கெளம்புதாம். ரெண்டே பேர் தான் வந்தாங்க, லீவு விட்டுட்டேன்.

ஜூன் 18
காலைல கதவ தொறந்தா கேட்ல ஒரு கவர் மாட்டியிருக்கு. உள்ள அரைக்கிலோ சங்கரா, ஐஸ் கூட கரையல, கூடவே பேப்பர்ல சுத்தி ஒரு புது டியூப்லைட் சொருகியிருக்கு. யாருன்னு கேக்கல. குழம்பு வெக்கலாம்னு பாத்தா வீட்ல புளி இல்ல.