நன்னடத்தை ஆபீஸ்ல ஜே.ஏ. (இளநிலை உதவியாளர்) வேலை: குரூப் 4 படிக்கிற தம்பி தங்கச்சிங்களுக்கு என் அனுபவம்

குரூப் 4 கவுன்சிலிங்ல சிறைத்துறைன்னு பாத்த உடனே நெறைய பேரு பயந்துபோயி வேற டிபார்ட்மென்ட் எடுத்துடறாங்க. நானும் தயங்கினவன்தான், எங்க ஊரு காட்பாடி பக்கம், சின்ன வயசுல இருந்து தொரப்பாடி ஜெயில் மதில பஸ்ல போகும்போது பாத்துட்டே வளந்தவன், அங்க போயி உக்காரப் போறியாடான்னு அம்மா ரெண்டு நாள் சரியா சாப்பிடல. ஆனா எனக்கு போஸ்டிங் வந்தது ஜெயிலுக்குள்ள இல்ல, நன்னடத்தை அலுவலகத்துல. பழைய வட ஆற்காடு மாவட்டத்துக்குள்ளதான், ஊர் பேரு வேணாம். சிறைகள் மற்றும் சீர்திருத்தப் பணிகள் துறைக்குள்ள இப்படி ஒரு பிரிவு இருக்குன்னே படிக்கும்போது எனக்குத் தெரியாது.

தேடிப் பாக்கறவங்க ஒண்ணு கவனிங்க. ப்ரொபேஷன்னு போட்டா நமக்கு வேலையில சேந்ததும் வர்ற தகுதிகாண் பருவம்தான் மொதல்ல வரும், அது வேற. இது 1958-ஆம் வருஷத்து குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம். குத்தம் நிரூபணம் ஆயிட்டாலும் ஆளோட வயசு, குணம், சூழ்நிலையெல்லாம் பாத்து ஜெயிலுக்கு அனுப்பாம, ஒழுங்கா நடந்துக்கறேன்னு பாண்ட் எழுதி வாங்கிட்டு விடலாம்னு 4-வது பிரிவு சொல்லுது, அந்த பாண்ட் அதிகபட்சம் 3 வருஷம். 21 வயசுக்குள்ள இருக்கற பசங்களுக்கு 6-வது பிரிவு. 18-க்குக் கீழன்னா இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போயிடும், அது நம்ம ஆபீஸ் இல்ல.

கோர்ட் முடிவெடுக்கறதுக்கு முன்னாடி நன்னடத்தை அலுவலர்கிட்ட அறிக்கை கேக்கும். அவரு வீட்டுக்குப் போயி, அக்கம்பக்கத்துல விசாரிச்சு, வேலை செய்யற எடத்துல கேட்டு எழுதுவாரு. ஜெயில்ல இருக்கறவங்க லீவு கேட்டாலும் இதே மாதிரி விசாரணை அறிக்கைக்கு நம்மகிட்டதான் வரும். அவரு வெளிய அலையறாரு, நாம சீட்ல உக்காந்து தபால் பிரிச்சு, தன்பதிவேட்டுல, அதாவது நம்ம சீட்டுக்கு வர்ற தபாலையெல்லாம் குறிக்கற ரெஜிஸ்டர்ல ஏத்தி, ந.க. எண்ணுன்னு அதுக்கு ஒரு நம்பர் போட்டு, ஃபைல் போட்டு, டைப் அடிச்சு, சீல் வெச்ச கவர்ல அனுப்புறோம். கேக்க சாதாரணமாத்தான் தெரியும்.

நான் செஞ்ச ஒரு தப்ப சொல்றேன், நீங்க செய்யாதீங்க. சேந்து மூணு மாசம் இருக்கும், ஒரு பையனப் பத்தி அறிக்கை கேட்டு ஒரு கோர்ட் லெட்டர் வந்துது, வந்த தேதிய ஒழுங்கா ரெஜிஸ்டர்ல ஏத்திட்டேன், உள்ள ரெண்டாவது பாராவுல இருந்த வாய்தா தேதிய குறிக்கல. சார் வேற ஊர் கேம்ப்ல இருந்தாரு, லெட்டர் வரிசையில கெடந்து கெடந்து அறிக்கை போகாம வாய்தா தள்ளிப்போச்சு. அடுத்த வாரம் அந்தப் பையனோட அம்மா குடியாத்தம் பக்கத்துல இருந்து ரெண்டு பஸ் மாறி வந்து நிக்கறாங்க, சம்மன மடிச்சு ரேஷன் கார்டு பிளாஸ்டிக் கவருக்குள்ள வெச்சிருந்தாங்க. "இன்னா சார், எம்புள்ளைய உள்ள போட்ருவாங்களா?"ன்னு கேட்டாங்க. பையன் ஆம்பூர்ல ஷூ கம்பெனியில வேலை, கோர்ட்டுக்கு வர்ற ஒவ்வொரு நாளும் கூலி போச்சு, அன்னைக்கு போன கூலி என்னாலதான். அவங்கள உக்கார வெச்சு தண்ணி குடுத்துட்டு, புது தேதி எது, எந்த கோர்ட், எத்தனை மணிக்கு போகணும்னு பெரிய எழுத்துல ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக் குடுத்தேன். அறிக்கையில என்னா எழுதியிருக்குன்னு கேட்டாங்க, சொல்லல. 7-வது பிரிவுப்படி அது ரகசியம், அதுல இருக்கறத சொல்லலாமான்னு முடிவு பண்றது கோர்ட்டு. டைப் அடிச்ச நமக்கு எல்லாம் தெரியும், அந்தம்மா முகத்தப் பாத்துட்டே வாய மூடிக்கிறது உண்மையிலேயே கஷ்டம்ங்க, ஆனா மூடித்தான் ஆகணும். ஊர்ல டீக்கடையில கூட பேசக்கூடாது, ஒரு வார்த்த வெளிய போனாலும் அந்தக் குடும்பத்துக்கு மறுபடியும் தலைகுனிவு.

அதுக்கப்புறம் நான் பழகிக்கிட்டது, கோர்ட் கவர் பிரிச்சதும் மொதல்ல வாய்தா தேதிய சிவப்பு இங்க்ல லெட்டர் தலையிலயே எழுதிட்டு, சுவத்துல இருக்கற காலண்டர்லயும் போட்டுட்டுதான் மத்த வேலை. அதே மாதிரி பேரு, அப்பா பேரு, இனிஷியல், வழக்கு எண் நாலையும் சத்தமா படிச்சு சரிபாப்பேன், ஒரே தெருவுல ஒரே பேருல ரெண்டு பேரு இருக்கற ஊருங்க நம்ம பக்கம் நெறைய. பாண்ட் முடியற தேதிக்கும் தனி லிஸ்ட் வெச்சுக்கங்க. 12-வது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு, 4-வது பிரிவுல விடுதலையானவங்களுக்கு தண்டனையால வர்ற தகுதியிழப்பு ஒட்டாது. வேலைக்கு விண்ணப்பிக்கும்போது இதக் கேட்டு பசங்க வருவாங்க, அப்ப பழைய ஃபைல் கைக்கு கெடைக்கணும்.

இப்ப பரீட்சை. 200 கேள்வி, 300 மார்க், 3 மணி நேரம். தமிழ் 100 கேள்வி, அதுல 40 சதவீதம், அதாவது 150-க்கு 60 எடுக்கலன்னா அடுத்த பகுதிய திருத்தவே மாட்டாங்க. பொது அறிவு 75, கணக்கு 25. நான் மொத தடவ கோட்ட விட்டது கணக்குல, கடைசிக்கு வெச்சிட்டு நேரமே இல்லாம போச்சு. ரெண்டாவது தடவ 6-ல இருந்து 10 வரைக்கும் ஸ்கூல் புக்க மட்டும் திருப்பித் திருப்பிப் படிச்சேன், தினமும் காலைல கணக்கு மட்டும் ஒரு மணி நேரம். தமிழ்ல இலக்கணத்த விட்றாதீங்க, மார்க்குக்காக மட்டும் இல்ல, இங்க ஒரு அறிக்கையில "செய்தார்"க்கும் "செய்ததாகக் கூறப்படுகிறது"க்கும் உள்ள வித்தியாசத்துல ஒருத்தரோட வாழ்க்க இருக்கு.

டைப்பிங் ரெண்டு மொழியிலயும் ஹையர் முடிச்சிருந்தா டைப்பிஸ்ட் போஸ்ட்டுக்கும் போடலாம், ஜே.ஏ.வா வந்தாலும் நம்மள மாதிரி சின்ன ஆபீஸ்ல அடிக்கறது நாமதான். சேந்ததும் பவானிசாகர் ட்ரெயினிங் வரும், அங்க தன்பதிவேடு, ஃபைல் போடறது, நினைவூட்டு எழுதறது எல்லாம் சொல்லித் தருவாங்க, அந்த நோட்ட தூக்கிப் போட்றாதீங்க, நான் இன்னும் டிராயர்ல வெச்சிருக்கேன். டிபார்ட்மென்ட் டெஸ்ட் மே, டிசம்பர்னு வருஷத்துக்கு ரெண்டு தடவ வருது, அக்கவுன்ட் டெஸ்ட்ட மொத வருஷமே எழுதிடுங்க, அப்புறம் தபால் குவிய ஆரம்பிச்சா உக்காந்து படிக்க நேரம் கெடைக்காது.