நெல்லையில் இருந்தபடியே சென்னைப் போட்டிக்கு ஒரு போக்கிமான் டெக்

போக்கிமான் கார்டு போட்டிக்கு முதல் தடவையாகச் சென்னை போகிற நம்ம பக்கத்துப் பிள்ளைகள் பலரும் "அண்ணே, எந்த டெக் எடுக்கட்டும்?" என்றே கேட்கிறார்கள். டெக் என்றால் ஆடுவதற்கு நாம் சேர்த்துக் கொண்டுபோகிற 60 கார்டுக் கட்டு. எதை எடுத்தாலும் அந்த 60 கார்டுகளையும் சரிசெய்வதில்தான் வெற்றி இருக்கிறது என்பேன்.

நமக்குப் பெரிய சிக்கல் ஆள் குறைவு. பாளையங்கோட்டையில் நாலைந்து பேர் கூடி ஆடினால், திரும்பத் திரும்ப அதே மூன்று டெக்குகள்தான் எதிரே வரும். நம்மை அறியாமலே அந்த நண்பர்களை ஜெயிக்கிற டெக்காக நம்முடையது மாறிவிடும். சென்னையில் அது உதவாது. அதனால் அண்மையில் பெரிய போட்டிகளில் முன்னுக்கு வந்த டெக்குகளைப் பாருங்கள். கையில் இல்லாத கார்டுகளைத் துண்டுத்தாளில் எழுதி, பழைய கார்டின்மேல் வைத்து ஸ்லீவில் (கார்டு உறையில்) செருகுங்கள். போட்டியில் இது செல்லாது, பழகுவதற்குப் போதும். உங்கள் டெக்கை நண்பனிடம் கொடுத்துவிட்டு, முன்னுக்கு வந்த அந்த டெக்கை நீங்கள் ஆடுங்கள். நம் டெக் எங்கே திணறுகிறது என்பது எதிரே உட்கார்ந்தால்தான் தெரியும்.

அப்புறம் எண்ணிக்கை. அடிப்படை எனர்ஜி (போக்கிமான் தாக்குவதற்குச் சக்தி தரும் கார்டு) தவிர ஒரே பெயரில் 4 கார்டு வரை வைக்கலாம். நாலும் வைத்தால் ஆட்டத் தொடக்கத்தில் கைக்கு எடுக்கும் 7 கார்டில் ஒன்றாவது வர ஏறக்குறைய 40 சதவீத வாய்ப்பு. இரண்டு என்றால் 22. ஒன்றே ஒன்று என்றால் 12கூட இல்லை. போதாததற்கு, பத்தில் ஓர் ஆட்டத்தில் அது 6 பிரைஸ் கார்டுகளுக்குள் (தொடக்கத்திலேயே கவிழ்த்து ஒதுக்கி, எதிராளியின் போக்கிமானை வீழ்த்தும்போது எடுப்பவை) மாட்டிக்கொள்ளும். பேசிக் போக்கிமான், அதாவது களத்தில் நேரடியாக இறக்கி ஆட்டத்தைத் தொடங்கக்கூடியவை, எட்டுதான் என்றால், மூன்றில் ஓர் ஆட்டத்துக்கு மேல் முதல் கையில் ஒன்றுகூட வராது. மறுபடி கலைக்க வேண்டும், எதிராளி கூடுதலாக ஒரு கார்டு எடுத்துக்கொள்ளலாம். 12 வைத்தால் அந்த ஆபத்து 19 சதவீதமாகக் குறையும்.

தோற்ற வேகத்தில் அன்றைக்கே மூன்று கார்டை மாற்றாதீர்கள். எனர்ஜி வரவில்லையா, கை வறண்டதா, ஆட்டத்தில் தப்பா என்று நோட்டில் எழுதுங்கள். ஒரே காரணம் திரும்ப வந்தால் ஒரு கார்டை மட்டும் மாற்றி, மறுபடி ஆடிப் பாருங்கள்.

மேஜிக் என்கிற இன்னொரு கார்டு ஆட்டத்தில் 15 கார்டு சைட்போர்டு (ஆட்டங்களுக்கு நடுவே மாற்றிக்கொள்ளும் உபரிக் கார்டுகள்) உண்டு, இங்கே கிடையாது. எழுதிக்கொடுத்த 60 தான் கடைசிவரை. ஒரே ஒரு டெக்குக்கு எதிராக மட்டும் பயன்படும் கார்டுக்கு நான் ஓர் இடத்துக்கு மேல் தரமாட்டேன்.

நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறிய பிறகு எதையும் மாற்ற வேண்டாம். வண்டியில் செய்ய நல்ல பயிற்சி ஒன்று உண்டு: கலைத்து 7 எடுங்கள், 6 பிரைஸ் ஒதுக்குங்கள், மீதி 47ஐ ஒருமுறை பார்த்துவிட்டு பிரைஸில் என்னென்ன என்று சொல்லுங்கள். பிறகு திருப்பிச் சரிபாருங்கள். ஒரு நிமிடத்துக்குள் சரியாகச் சொல்ல வருகிறவரை செய்யுங்கள்.