முழங்கையில் வலி, பாதத்தில் வேலை

முழங்கை வலி என்று வருகிறவரிடம் ஷூவைக் கழற்றித் தரச் சொன்னால் கொஞ்சம் விழிப்பார். ஆனால் டிஸ்க் கோல்ஃப் ஆடுகிறவர் என்று தெரிந்துவிட்டால் நான் முதலில் பார்ப்பது அதைத்தான், கையை அப்புறம்தான் தொடுவேன். வலக்கைக்காரராக இருந்தால் இடது ஷூவின் மூக்கு, அதாவது பெருவிரலுக்கு மேலே வரும் ரப்பர், தேய்ந்து வெளுத்திருக்கும். சிலருக்கு அங்கே துணியே கிழிந்து சாக்ஸ் தெரியும். அது நல்ல அடையாளம். பின்கால் தன்மேல் இருந்த எடையை முன்காலுக்குக் கொடுத்துவிட்டு, விரல்நுனி மட்டும் எறியும் மேடையின் சிமெண்டில் உரச இழுபட்டு வந்திருக்கிறது என்று அர்த்தம். இடது ஷூ மூக்கில் ஒரு கீறல்கூட இல்லாமல், வலது ஷூவின் வெளிவிளிம்பு மட்டும் கரைந்து போயிருந்தால், உடம்பு முன்காலில் வந்து நிற்காமல் பக்கவாட்டில் சரிந்து போகிறதோ என்று சந்தேகம் வரும். சந்தேகம்தான், எறியச் சொல்லிப் பார்க்காமல் எதையும் முடிவு செய்வதில்லை. ஆனாலும் அந்தத் தேய்மானம் பெரும்பாலும் பொய் சொல்வதில்லை.

நான் வேலை பார்ப்பது வட கரோலைனா மாநிலத்தின் ஷார்லட் நகரில், பிசியோதெரபிஸ்டாக. இந்த ஆட்டத்தைப் பற்றித் தெரியாமல் இந்த ஊரில் பிசியோவாக இருப்பது சிரமம். எந்தப் பூங்காவுக்குப் போனாலும் பைன் மரங்களுக்கு நடுவே சங்கிலி தொங்கும் இரும்புக் கூடைகள் நின்றுகொண்டிருக்கும். 2012இல் உலக சாம்பியன்ஷிப் போட்டியே இங்கேதான் நடந்தது, பால் மெக்பெத் தன் முதல் உலகப் பட்டத்தை வென்றது அந்த ஆண்டுதான். ஆட்டத்தின் அமைப்பு கோல்ஃப் மாதிரியேதான். மட்டையும் பந்தும் கிடையாது, கையால் டிஸ்க்கை, அதாவது ஃபிரிஸ்பீ மாதிரியான தட்டை, எறிய வேண்டும், குழிக்குப் பதிலாகக் கூடை. ஃபிரிஸ்பீயை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்த எட் ஹெட்ரிக் என்பவர் 1975இல் கலிபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் முதல் நிரந்தர ஆடுகளத்தை அமைத்து, அடுத்த ஆண்டே பிடிஜிஏ என்கிற தொழில்முறை டிஸ்க் கோல்ஃப் சங்கத்தையும் தொடங்கினார். இன்றைக்கும் பெரும்பாலான பூங்காக்களில் கட்டணம் இல்லை, இரண்டு மூன்று டிஸ்க் வாங்கினால் போதும். அதனால் யாரிடமும் கற்றுக்கொள்ளாமல், நண்பர் எறிவதைப் பார்த்து எறிய ஆரம்பித்துவிடுகிறார்கள். கொரோனா காலத்தில் வெளியில் ஆட முடிந்த சில ஆட்டங்களில் இதுவும் ஒன்று என்பதால் கூட்டம் திடீரென்று பெருகியது. அப்புறம் எங்களிடம் வருகிறவர்களும் பெருகினார்கள்.

அமெரிக்காவில் 2015இல் வெளியான ஓர் ஆய்வில் ஆட்டக்காரர்கள் அதிகம் சொன்ன காயங்கள் முழங்கை, தோள், முதுகு. மூன்றும் இடுப்புக்கு மேலே இருப்பவை. என் அனுபவத்தில் இவற்றில் பாதிக்கு மேல் இடுப்புக்குக் கீழே தொடங்கியவை, இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இதைச் சொல்லத்தான். கோயம்புத்தூரில் படித்து முடித்த புதிதில் வேகப்பந்து வீச்சாளர்களோடு கொஞ்ச காலம் வேலை பார்த்திருக்கிறேன். ஓடிவந்த வேகம் முழுக்க முன்கால் தரையில் குத்தி நிற்கிற அந்த நொடியில்தான் தோளுக்கும் கைக்கும் ஏறும்; முன்முட்டி மடங்கிக் குழைந்துவிட்டால் வேகம் அங்கேயே செத்துவிடும், அந்தக் குறையை ஈடுகட்டத் தோள் தனியாக உழைக்கும். ஷார்லட்டுக்கு வந்து முதல்முறை ஒருவர் டிஸ்க் எறிகிற வீடியோவைப் பார்த்தபோது அதே கணக்கு அப்படியே தெரிந்தது. பந்துவீச்சில் உடம்பு செங்குத்தாகப் புரள்கிறது, இங்கே கிடைமட்டமாகச் சுழல்கிறது, அவ்வளவுதான்.

கையை உடம்புக்குக் குறுக்கே கொண்டுபோய் எறியும் ஒரு பேக்ஹேண்ட் எறிதலை மெதுவாக ஓட்டிப் பார்க்கலாம். வலக்கைக்காரர், வலது தோளை இலக்குப் பக்கம் காட்டிப் பக்கவாட்டில் நிற்கிறார். வலதுகால் ஓர் அடி முன்னே போகிறது. இடதுகால் வலதுகாலுக்குப் பின்னால் குறுக்காக வந்து ஊன்றுகிறது. அந்தக் கணத்தில் இரண்டு காலும் பெருக்கல் குறி மாதிரி தெரிவதால்தான் இதை எக்ஸ் ஸ்டெப் என்கிறார்கள். இப்போது எடை இடது பாதத்தின் உள்பக்கத்தில் இருக்க வேண்டும், வெளிப்பக்கத்துக்குப் போய்விட்டால் பின்னாலேயே மாட்டிக்கொள்ளும். வலதுகால் இலக்கை நோக்கி நீளும்போது கை அதற்கு எதிர்த்திசையில், பின்னால் நீள்கிறது. முதுகு பாதி இலக்கைப் பார்க்கிறது. வலது பாதத்தின் முன்பகுதி முதலில் தரையைத் தொட்டு, பிறகு குதிகால் அழுந்துகிறது. குதிகால் அழுந்திய பிறகுதான் இடுப்பு திரும்பும், இடுப்பு திரும்பினால்தான் மார்பு, மார்புக்குப் பின்னால்தான் கை. டிஸ்க் வலது மார்பை ஒட்டி நேர்கோட்டில் வருகிறது, முழங்கை முன்னால் போகிறது, முன்கை கதவு மாதிரித் திறக்கிறது, கடைசியாக மணிக்கட்டு. இத்தனையும் ஒரு நொடியில் ஒரு சிறு பங்குக்குள் நடந்து முடிந்துவிடும். டிஸ்க் போன பிறகு உடம்பு வலது குதிகாலின் மேல் சுழன்று, இடதுகால் சுற்றி முன்னால் வந்து விழ வேண்டும்.

நான் பார்க்கிறவர்களில் மிகப் பெரும்பாலோரிடம் இருக்கும் கோளாறு ஒன்றே ஒன்றுதான். குதிகால் அழுந்துவதற்கு முன்பே கை இழுக்க ஆரம்பித்துவிடுகிறது. டிஸ்க்கின் எடை கூடிப்போனால் 175 கிராம் சொச்சம்தான், அதை எறிய என்ன பெரிய பலம் வேண்டும் என்று தோன்றும். ஆனால் நன்றாக ஆடுகிறவர் கையை விட்டு அது மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. அந்த வேகத்தைக் கால் கொடுக்காவிட்டால் முன்கையும் தோளும்தான் கொடுக்க வேண்டும். கையை மட்டும் நம்புகிறவர் டிஸ்க்கைத் தொடக்கத்திலிருந்தே நெரித்துப் பிடிப்பார். முழங்கையின் வெளிப்பக்க எலும்பில் வந்து சேரும் தசைநார்தான் அந்தப் பிடியின் சுமையைத் தாங்குகிறது. ஒரு ரவுண்டில், அதாவது ஆடுகளம் முழுவதையும் ஒருமுறை ஆடி முடிப்பதற்குள், பல முறை, வாரத்துக்கு மூன்று ரவுண்டு என்றால் எத்தனை நாள் தாங்கும்? டென்னிஸ் எல்போ என்று ஊரறிந்த அதே வலிதான்.

பார்சல் டெலிவரி வேலை பார்க்கும் ஒருவர் போன வருஷம் வந்தார். காபிக் கோப்பையைக்கூட வலக்கையால் தூக்க முடியவில்லை. வேறிடத்தில் ஊசி போட்டு, முழங்கைக்குப் பட்டை கட்டி, ஓய்வெடுத்துவிட்டு, திரும்ப ஆடிய இரண்டாம் வாரமே வலி வந்துவிட்டதாம். மணிக்கட்டுக்கு எடை வைத்துப் படிப்படியாகச் செய்யும் பயிற்சிகளைத் தொடங்கினோம், அது எப்படியும் வேண்டும். அதோடு நில்லாமல் அவரை எங்கள் நடைபாதைச் சுவருக்கு அழைத்துப் போனேன். வலது இடுப்புக்கும் சுவருக்கும் ஒரு சாண் இடைவெளி விட்டு நிற்க வைத்து, கையைக் கட்டிக்கொண்டு, இடுப்பு மட்டும் சுவரைத் தொடட்டும், தொட்ட பிறகு திரும்புங்கள் என்றேன். கேட்க எளிது. அவருக்குத் தோள்தான் முதலில் போய் இடித்தது. திரும்பத் திரும்பத் தோள். ஒரு கட்டத்தில் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னேன். மூச்சை விட்டார், வலது குதிகால் தரையில் அழுந்துகிற சத்தம் கேட்டது, அடுத்து இடுப்பு மெத்தென்று சுவரில் பட்டது, அதற்கும் பிறகுதான் தோள் திரும்பியது. கண்ணைத் திறந்து, "இதுதானா?" என்று கேட்டார். இதுதான். அடுத்த பல வாரங்கள் அந்த வரிசையை டிஸ்க்கோடும் வரவழைக்கிற வேலைதான். முழங்கை கொஞ்சம் கொஞ்சமாக ஆறியது, சங்கிலியில் டிஸ்க் விழுகிற வீடியோவை அவரே அனுப்பி வைத்தார்.

முட்டி விஷயம் வேறு. அதுதான் எனக்கு அதிகக் கவலை தருவது, ஏனென்றால் முழங்கை ஆறும், முட்டியில் ஜவ்வு கிழிந்தால் அந்தக் கதை நீளும். எல்லாம் முன்பாதம் எந்தக் கோணத்தில் விழுகிறது என்பதில் இருக்கிறது. இலக்குக் கோட்டுக்கு ஏறக்குறையக் குறுக்காக, விரல்கள் கொஞ்சம் இலக்குப் பக்கம் திரும்பினாற்போல் விழுந்தால் நல்லது. விரல் நேராக இலக்கைக் காட்டினால் இடுப்பு சீக்கிரமே திறந்து, சுழல்வதற்கு எதுவும் மிச்சம் இருக்காது. பாதம் பின்பக்கமாகத் திரும்பி விழுந்தால் நிலைமை மோசம். மேலே உடம்பு சுழலும், கீழே பாதம் சிமெண்டைக் கவ்விக்கொண்டிருக்கும், இரண்டுக்கும் நடுவே மாட்டிய முட்டி முறுக்கப்படும். நல்ல பிடிப்புள்ள மலையேற்ற ஷூ வாங்கினால் பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். வழுக்காமல் இருக்க அது உதவும், ஆனால் எறிந்த பிறகு குதிகால் சுழலவும் வேண்டுமே. எங்கள் பக்கத்துச் சிவப்புக் களிமண் மழையில் ஷூவின் பள்ளங்களில் அப்பிக்கொள்ளும், அதோடு ஈரச் சிமெண்டில் ஏறினால் வழுக்கல். ஒவ்வொரு எறிதலுக்கும் முன்னால் ஒரு பழைய துண்டில் அடிப்பாகத்தைத் துடைத்துக்கொள்ளும் பழக்கம் விலையுயர்ந்த ஷூவைவிட உபயோகமானது.

முட்டி வலியோடு வருகிறவரை மேசையில் குப்புறப் படுக்க வைத்து, முட்டியை மடக்கி, கணுக்காலைப் பிடித்து வெளிப்பக்கமாகச் சாய்த்துப் பார்ப்பேன். இடுப்பு மூட்டு உள்பக்கம் எவ்வளவு சுழல்கிறது என்று இதில் தெரியும். நாள் முழுக்க உட்கார்ந்து வேலை செய்கிறவர்கள் பலருக்கு அது மிகக் குறைவு. அந்த மூட்டு திரும்பாவிட்டால் அந்தத் திருப்பம் கீழே முட்டிக்குப் போகும், இல்லை மேலே கீழ்முதுகுக்குப் போகும், சும்மா மறைந்துவிடாது. இப்படிப்பட்டவரிடம் பாதத்தைக் குறுக்காக வை என்று புத்தகத்தில் இருப்பதைச் சொல்லக் கூடாது. அவர் பாதம் இன்னும் கொஞ்சம் திறந்தே விழட்டும், தூரம் கொஞ்சம் குறைந்தால் குறையட்டும். பயிற்சி வீடியோக்களோடு எனக்கு இருக்கும் சண்டை இங்கேதான். ஒரு பெரிய ஆட்டக்காரரை ஒரு சட்டகத்தில் நிறுத்தி, கை எவ்வளவு பின்னால் போயிருக்கிறது பாருங்கள் என்று காட்டுகிறார்கள். பார்த்தவர் அதே இடத்துக்குத் தன் கையைக் கொண்டுபோக முயல்கிறார். இடுப்பும் மேல்முதுகும் அவ்வளவு திரும்பாதவருக்கு அங்கே போய்ச்சேர ஒரே வழி டிஸ்க்கை உடம்பைச் சுற்றி வளைத்துக் கொண்டுபோவதுதான். ரவுண்டிங் என்று எல்லாரும் பயப்படும் தப்பு பெரும்பாலும் அப்படித்தான் பிறக்கிறது, அது தோளின் முன்பக்கத்தைக் கிள்ளும். படத்தில் நிலை தெரியும், எது முதலில் நகர்ந்தது என்பது தெரியாது.

அதைப் பார்க்க நேரில் போக வேண்டும். ஷார்லட்டுக்குத் தெற்கே ராக் ஹில்லில், வின்த்ராப் பல்கலைக்கழக ஏரிக்கரையில், 1999 முதல் அமெரிக்க டிஸ்க் கோல்ஃப் சாம்பியன்ஷிப் நடந்து வருகிறது, வழக்கமாக அக்டோபரில். கூட்டம் முழுக்க டிஸ்க் பறப்பதைப் பார்க்கும். நான் டீ மேடைக்கு, அதாவது முதல் எறிதலுக்கான மேடைக்குப் பக்கத்தில் நின்று பாதங்களை மட்டும் பார்ப்பேன். முதல்முறை போகிறவருக்கு ஆச்சரியமாக இருக்கும், அவர்கள் எவ்வளவு நிதானமாக நடந்து வருகிறார்கள் என்று. முதல் இரண்டு அடி கிட்டத்தட்ட உலாவுகிற மாதிரி. கடைசி அடி மட்டும் நீளமாகவும் தாழ்வாகவும் வரும், குதிகால் இறங்கும், அதுவரை பார்க்காத ஒரு வேகம் எங்கிருந்தோ கிளம்பும். நம் பூங்காக்களில் ஓடிவந்து எறிகிறவர்களுக்கு அந்தக் குதிகால் இறங்குவதற்கே நேரம் இல்லை. மெதுவாக நடங்கள் என்று சொன்னால் தூரம் போய்விடும் என்று பயப்படுகிறார்கள். நின்ற இடத்திலிருந்து, எக்ஸ் ஸ்டெப்பே இல்லாமல் ஒழுங்காக எறிந்தாலே தூரத்தின் பெரும்பகுதி கிடைத்துவிடும் என்பதை மைதானத்தில் அளந்து காட்டினால்தான் நம்புகிறார்கள்.

ஃபோர்ஹேண்டில், அதாவது கையை உடம்புக்குக் குறுக்கே கொண்டுபோகாமல் அதன் பக்கத்திலிருந்தே வீசி, எறிகிறவர்களுக்கு வலி முழங்கையின் உள்பக்கத்தில் வரும், அங்கேயும் காலுக்கு முந்திய கைதான் முதல் குற்றவாளி. கூடையிலிருந்து 10 மீட்டருக்குள் ஆடும்போது, எறிந்த பிறகும் சமநிலையோடு நின்று காட்டிவிட்டுத்தான் டிஸ்க் கிடந்த இடத்தின் குறியைத் தாண்டலாம் என்று விதியே இருக்கிறது. அந்த விதியைத் தூர எறிதலுக்கும் பயிற்சியாக வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்வேன். எறிந்து முடித்து முன்காலில் இரண்டு நொடி நிற்க முடியவில்லை என்றால் எடை இன்னும் சரியாக வந்து சேரவில்லை.

இன்சூரன்ஸ் அனுமதிக்கும் அமர்வுகள் எப்போதும் குறைவு. அதில் ஒரு பங்கை முழங்கையே இல்லாத நடைபாதைப் பயிற்சிக்குச் செலவழிப்பது சிலருக்குப் பிடிப்பதில்லை, கையைத் தேய்த்துவிடுங்கள் போதும் என்பார்கள். தேய்த்தும் விடுகிறேன், அன்றைக்கு இதமாக இருக்கும். ஆனால் திரும்ப ஆட அனுப்பும்போது வரிசையை மாற்றுவதில்லை. முதலில் பட்டர், அதாவது கூடைக்குப் பக்கத்திலிருந்து எறியும் டிஸ்க் மட்டும், நின்ற இடத்திலிருந்து, பாதி பலத்தில். வலி இல்லாமல் ஒரு வாரம் போனால் ஒரே ஓர் அடி எடுத்து வைத்து மிட்ரேஞ்ச் என்கிற நடுத்தூர டிஸ்க். அதுவும் சரி என்றால் நடக்கிற வேகத்தில் எக்ஸ் ஸ்டெப், வீடியோ எடுத்து என்னிடம் காட்ட வேண்டும். வீடியோவை நிறுத்தி நிறுத்தி ஓட்டி, குதிகால் அழுந்திய பிறகுதான் கை கிளம்புகிறது என்று இரண்டு பேரும் பார்த்த பிறகே தூரம் எறிவதற்கான டிரைவர் டிஸ்க்கைப் பையிலிருந்து எடுக்கச் சொல்வேன்.