25ஆம் பக்கத்து முத்திரை

நூலகத்துக்குப் புதுப் புத்தகம் வந்தால் முதலில் சேர்க்கைப் பதிவேட்டில் ஏற்றி எண் போடுவோம். அப்புறம் முத்திரை. தலைப்புப் பக்கத்தில் ஒன்று, எளிதில் கண்ணில் படாத உள்பக்கத்தில் இன்னொன்று. எங்கள் கல்லூரியில் அது 25ஆம் பக்கம். அட்டையையே கிழித்தாலும் புத்தகம் யாருடையது என்று அந்தப் பக்கம் சொல்லிவிடும்.

அந்த முத்திரைக்குச் சட்டத்தின் பலமும் உண்டு. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, நூலின் பிரதிகளை வெளியிடும் உரிமையைப் பதிப்புரிமை உள்ளவருக்குத் தருகிறது. ஆனால் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கும் பிரதிகளுக்கு அது செல்லாது. ஒருமுறை விற்ற பிரதி புழக்கத்துக்கு வந்ததாகவே கணக்கு. இரவல் கொடுக்கலாம், பழைய புத்தகக் கடையில் போடலாம், யாரையும் கேட்க வேண்டாம். நகலெடுத்துப் பரப்பத்தான் கூடாது. எழுத்து அவருடையது, பிரதி நம்முடையது. எனக்கு இது நியாயமாகவே படுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மின்னூல் தொகுப்புக்குச் சந்தா கட்டினோம். கோப்பில் நானே ‘வாங்கியது’ என்று எழுதினேன். நான்காம் ஆண்டு நிதி வரவில்லை, சந்தா நின்றது. முதுகலை மாணவி ஒருத்தி வந்து, “மேடம், போன செமஸ்டர்ல படிச்ச புக் இப்ப திறக்கவே மாட்டேங்குது” என்றாள். ஆய்வேட்டின் அடிக்குறிப்புக்கு அவளுக்குப் பக்க எண் வேண்டும். மூன்று ஆண்டு பணம் கட்டியும் ஒரு பக்கம்கூட எங்களிடம் மிஞ்சவில்லை. ஒப்பந்தத்தை அன்றுதான் முழுதாகப் படித்தேன். அதில் விற்பனை என்ற பேச்சே இல்லை. படிக்க அனுமதி, அதுவும் தவணைக்கு.

தனியாட்களுக்கும் இது நடந்திருக்கிறது. 2009 ஜூலையில், தன் தளத்தில் விற்ற வெளி நிறுவனத்துக்கு விற்கும் உரிமை இல்லை என்று சொல்லி, ஜார்ஜ் ஆர்வெல்லின் இரண்டு நாவல்களை வாசகர்களின் கிண்டில் மின்னூல் கருவிகளிலிருந்து அமேசான் அழித்தது. பணம் திரும்பி வந்தது. ஆனால் பாடத்துக்காக ஒரு மாணவர் அதில் எழுதி வைத்த குறிப்புகள், அவை சுட்டிய பக்கங்கள் போனதால் பயனற்றுப் போயின. காசைத் திருப்பிக் கொடுத்தால் கணக்கு தீர்ந்தது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

அதற்காக, வாங்கியவருக்கு எல்லா உரிமையும் உண்டு என்று சொல்ல மாட்டேன். ஒரு பேராசிரியர் தமிழ் நாவல் ஒன்றை முழுக்க ஸ்கேன் செய்து வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போடச் சொன்னார். “காசு கொடுத்துத்தானே மேடம் வாங்கினோம்?” “ஒரு பிரதிக்குத்தான் சார் கொடுத்தோம்.” சில நூறு பிரதிகளே அச்சாகும் நாவலை அறுபது பேருக்குச் சும்மா அனுப்பினால் எழுதியவருக்கு என்ன மிஞ்சும்? கூடுதலாக ஐந்து பிரதிகள் வாங்கப் பரிந்துரை எழுதினேன். வந்தன.

இப்போது மின்னூல்களுக்குத் தனிப் பதிவேடு. ‘வாங்கிய தேதி’ இருந்த இடத்தில் ‘சந்தா முடியும் தேதி’. அந்த மாணவிக்காக வேறொரு நூலகத்திலிருந்து அதே நூலின் அச்சுப் பிரதியை இரவல் வாங்கினோம். 1998இல் அவர்கள் வாங்கியது. முத்திரை மங்கியிருந்தாலும் படிக்க முடிந்தது.