இல்லாத விரல்

ஏற்காடு பேருந்து, பதினைந்தாவது கொண்டை ஊசி வளைவு. கம்பியைப் பிடித்திருந்த பக்கத்து இருக்கைப் பெரியவருக்கு இடது கையில் இரண்டு விரல்கள் இல்லை.

“யாழ்ப்பாணம், 87” என்றார், நான் கேட்காமலேயே.

“போனப்ப மாலை போட்டாங்க கண்ணு. மூணு மாசம் ஆகல, அதே ஊருல சண்டை.”

1990-இல் இலங்கையிலிருந்து இந்திய அமைதிப்படை திரும்பியபோது சுமார் 1,200 வீரர்கள் உயிரோடு இல்லை. அங்கே மாண்ட நம் சனம் தனிக்கணக்கு.

இதே ராணுவம்தான் 1971-இல் பதின்மூன்றே நாள் போரில் வங்கதேசம் பிறக்க உதவியது. 1988-இல் மாலத்தீவில் ஆட்சிக் கவிழ்ப்பை முறியடித்தது. சரி, யாழ்ப்பாணத்தில் மட்டும் ஏன் இப்படி? படை போகக் காரணமான 1987 அமைதி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவை இந்தியா, இலங்கை என்ற இரண்டு அரசுகள். துப்பாக்கி வைத்திருந்த புலிகள் போடவில்லை.

ஏரி நிறுத்தம் வந்தது. பெரியவர் கையைத் தேய்த்துக்கொண்டே இறங்கினார்.

“இல்லாத விரலுதான் குளிருது.”